பழைய டிராக்டர் வாங்கும் முன்: எஞ்சினிலிருந்து பின் ஆக்சில் வரை ஒரு முழுச் சோதனை

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் எஞ்சினைத்தான் பார்க்கிறார். சாவியைத் திருப்பியதும் எடுக்கிறதா, புகை எப்படி வருகிறது, சத்தம் சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரத்துக்கு உட்கார்ந்துவிடுகிறார். எஞ்சின் முக்கியம்தான். ஆனால் எஞ்சினில் வேலை வந்தால் என்ன செலவாகும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். பரவலாக ஓடும் மாடல்களுக்கு லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் பக்கத்து டவுனிலேயே கிடைக்கும். வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். கியர் பாக்ஸ், கிரவுன்-பினியன், பின் ஆக்சில் என்று வந்துவிட்டால் கணக்கே வேறு. வண்டியை நடுவில் பிரித்து இரண்டாக்க வேண்டும். உடைந்த ஒரு பல் சும்மா கிடக்காது, சுற்றும் மற்றப் பற்களுக்கு நடுவில் சிக்கி அவற்றையும் உடைக்கும். பிரித்துப் பார்க்கும்வரை செலவு இவ்வளவு என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

காவிரி டெல்டாவில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும் ஆண்டில், வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். அப்போது வண்டி பட்டறையில் பிரிந்து கிடந்தால் சொந்த வயலும் பருவம் தப்பும், வாடகை உழவு வருமானமும் போகும். அதனால் எஞ்சினுக்கு ஒரு பங்கு நேரம் கொடுத்தால், கிளட்சுக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு இரண்டு பங்கு கொடுங்கள்.

இன்னொன்று, வரிசை. முதலில் ஆறிக் கிடக்கும் வண்டி, அடுத்து சூடேறிய வண்டி, பிறகு சுமை இழுக்கும் வண்டி, கடைசியில் சுமையை இறக்கி நிறுத்திய வண்டி என்று நான்கு நிலைகளிலும் பார்க்க வேண்டும். ஒரு நிலையில் மறைந்திருக்கும் பழுது அடுத்த நிலையில் வெளியே வரும். வரிசையை மாற்றினால் சில பழுதுகள் கண்ணுக்குப் படாமலே போய்விடும்.

இதற்கு அரை நாள் வேண்டும். ஒரு டார்ச், பழைய வெள்ளைத் துணி, சிறிய காந்தம், கண்ணாடி பாட்டில், நல்ல ஜாக், சக்கரத்துக்கு அணை கொடுக்கக் கட்டைகள், ஆக்சிலுக்கு அடியில் தாங்கு கொடுக்க உறுதியான ஸ்டாண்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கும் புரோக்கருக்கும் வேண்டாத, உங்களுக்கு வேண்டிய மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் முழுக்கைச் சட்டை வேண்டாம். சுற்றும் பி.டி.ஓ. தண்டில் துணி சிக்கினால் ஆளை இழுத்துவிடும்.

1. வண்டி என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை விட, எந்த வேலையில் ஓடியது என்பதே தேய்மானத்தின் இடத்தைக் காட்டும். பழைய மாடல்களில் மணி மீட்டர் எஞ்சின் சுழற்சியை வைத்துத்தான் ஓடுகிறது. குறிப்பிட்ட வேகத்தில் எஞ்சின் சுற்றினால்தான் ஒரு மணி நேரம் ஒரு மணியாகப் பதிவாகும். மெதுவாக ஓடினால் குறைவாகவே பதியும். மீட்டர் கேபிள் அறுந்து வருடக்கணக்கில் ஓடிய வண்டிகளும் உண்டு. எனவே மீட்டரை ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டு மற்றச் சாட்சிகளைப் பாருங்கள்.

கரும்பு, செங்கல், மணல் என்று டிரெய்லர் இழுத்த வண்டியில் கிளட்ச், பிரேக், கிரவுன்-பினியன் மூன்றும் அடிவாங்கியிருக்கும். பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கும், டிரெய்லர் மாட்டும் கொக்கியின் துளை நீள்வட்டமாகியிருக்கும். கேஜ் வீல் போட்டுச் சேற்றில் உழுத வண்டியில் ஆக்சில் சீல், ஹப் பேரிங், பிரேக் ஆகியவற்றில்தான் முதலில் கோளாறு வரும். ரிம்மில் கேஜ் வீல் மாட்டிய தழும்பும் துருவும் அதைச் சொல்லிவிடும். ரொட்டவேட்டர் ஓட்டிய வண்டியில் பி.டி.ஓ. தண்டின் பள்ளங்கள் தேய்ந்து கூராகியிருக்கும். குறைவாக ஓடி ஷெட்டில் நின்ற வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சீல்கள் காய்ந்து, டீசல் பம்ப்புக்குள் துரு ஏறியிருக்கலாம்.

மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனத்தின் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். பி.டி.ஓ. திறன், டீசல் செலவு, தூக்கும் திறன், சோதனையின்போது ஏற்பட்ட பழுதுகள் ஆகியவை அதில் இருக்கும். சேற்றுழவுக்குப் பிறகு சேறும் நீரும் உறுப்புகளுக்குள் புகுந்தனவா என்பதையும் சோதித்து எழுதுகிறார்கள். நஞ்சை விவசாயிக்கு அந்த ஒரு வரி குதிரைத்திறன் எண்ணைவிடப் பெரிது.

2. ஆறிய வண்டியில் தொடங்குங்கள்

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தூக்கி எஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஓட்டியிருக்கிறார்கள். காலையில் எடுக்க மறுக்கும் வண்டியை மறைக்க இதுதான் எளிய வழி. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

எஞ்சின் ஆயிலின் டிப் ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. பாலும் டீத்தூளும் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு மேலே ஏறி டீசல் வாடை அடித்தால் பம்ப் அல்லது நாசில் வழியாக டீசல் உள்ளே இறங்குகிறது. நேற்று மாற்றியது போல் புத்தம் புது ஆயில் இருந்தால் எந்த கிரேடு என்று கேளுங்கள். வழக்கமான 15டபிள்யூ-40-க்குப் பதிலாக மிகக் கெட்டியான ஆயிலை ஊற்றினால், தேய்ந்த பேரிங்கின் சத்தமும் குறைந்த ஆயில் பிரஷரும் சில நாள் மறைந்திருக்கும்.

அடுத்து ஏர் கிளீனர். இதைப் பத்து நிமிடம் பாருங்கள். டிராக்டர் எஞ்சினைக் கொல்வதில் தூசிக்கு முதலிடம். ஆயில் பாத் வகை என்றால் அடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். ஆயிலே இல்லாமல் சேறு உறைந்திருந்தால் வண்டியைப் பராமரித்த விதம் புரிந்துவிடும். பிறகு ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே மண் தூசி இருந்தால் அது வடிகட்டியைத் தாண்டி வந்தது. அந்தத் தூசி லைனரையும் ரிங்கையும் ஏற்கெனவே அரைத்திருக்கும், வெளியே சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சரி.

ரேடியேட்டர் மூடியை ஆறிய நிலையில் மட்டுமே திறக்க வேண்டும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, துரு கலந்து செம்மண் நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி பின்பக்கம். இரவு முழுக்க அசையாமல் நின்ற வண்டியில் மட்டும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அதனால் அடியில் தங்கும். கியர் பாக்ஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் அடியில் உள்ள டிரெயின் நட்டை, ஆயில் கசியும் அளவுக்குச் சற்றே தளர்த்தி, முதலில் வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். முதலில் தெளிந்த நீர் வந்தால், அல்லது ஆயில் வெளுத்துப் போயிருந்தால், சேற்றுத் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. பேரிங்கிலும் பல்லின் முகத்திலும் துருக்குழிகள் தொடங்கியிருக்கும். பிடித்த ஆயிலுக்குள் காந்தத்தை ஆட்டி எடுங்கள். சாம்பல் நிறத்தில் பசை போல் நுண்ணிய பொடி ஒட்டுவது இயல்பான தேய்மானம். நகத்துணுக்கு போல் சில்லுகள் ஒட்டினால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது என்று பொருள். விற்பவர் இந்தச் சோதனைக்கு ஒப்பவில்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

3. முதல் ஸ்டார்ட்

ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலுக்கு நல்ல டீசல் எஞ்சின் சில நொடிகளில் எடுத்துவிடும். பேட்டரி நன்றாகச் சுற்றியும் நெடுநேரம் முக்கினால் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், டீசல் பாதையில் காற்று புகுந்திருக்கலாம், நாசில் கெட்டிருக்கலாம்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ரேடியேட்டருக்குள் பாருங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி வருவது சகஜம். விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் வருகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டில் விரிசலும் இருக்கலாம். தண்ணீர் சூடாகும் முன் மூடியைப் போட்டுவிடுங்கள்.

புகையை இப்படிப் படியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் வரும் வெள்ளைப் புகை சிறிது நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. சூடேறிய பிறகும் நின்றால் எரியாத டீசலாகவோ ரேடியேட்டர் தண்ணீராகவோ இருக்கும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் கிளீனரோ நாசிலோ பம்ப் செட்டிங்கோ காரணம். இது சரி செய்யக்கூடியது. நீலத்துக்குத்தான் எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும்.

4. சூடேறிய எஞ்சின்

வெப்ப முள் வழக்கமான இடத்துக்கு வரும்வரை ஓட விடுங்கள். பிறகு வண்டி ஐட்லிங்கில் இருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே துளையின் மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். மெல்லிய ஆவி வந்தால் பரவாயில்லை. மூடி குதித்தாலோ, குப்குப்பென்று புகை தள்ளினாலோ, எரியும் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. பிரீதர் குழாய் வழியாக ஆயில் துளி தெறிப்பதும் இதே கதைதான்.

ஆயில் பிரஷர் முள்ளையும் இப்போதுதான் பார்க்க வேண்டும். ஆறிய எஞ்சினில் எல்லா வண்டிக்கும் பிரஷர் நன்றாகவே காட்டும். சூடான ஐட்லிங்கில் முள் படுத்துவிட்டால் கிராங்க் பேரிங் அல்லது ஆயில் பம்ப் தேய்ந்திருக்கிறது. வண்டியில் உள்ள மீட்டரை நம்பாமல், மெக்கானிக் தன் கேஜை மாட்டிப் பார்ப்பது உத்தமம்.

பழைய வகை டீசல் பம்ப் உள்ள வண்டியில், மெக்கானிக் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார். ஒவ்வொரு சிலிண்டரையும் நிறுத்தும்போது எஞ்சின் ஒரே அளவு தடுமாற வேண்டும். எதை நிறுத்தினால் மாற்றமே இல்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ட்ரெம்-4 மாசுக் கட்டுப்பாடு வந்தது; அதையொட்டி வந்த காமன் ரெயில் எஞ்சின்களில் இந்தச் சோதனை கூடவே கூடாது. அந்தப் பைப்பில் பாயும் டீசலின் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். அவற்றை ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

5. கிளட்ச்

திறந்த இடத்தில், முன்னால் ஆள் இல்லாமல் பார்த்து, பிரேக்கை அழுத்திப் பிடித்து உயர் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் எஞ்சினை அணைத்துவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டே வண்டி நகராமல் நின்றால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்து பிளேட்டைப் பொசுக்க வேண்டாம்.

பிறகு நியூட்ரலில் வைத்துக் காதைத் தீட்டிக் கேளுங்கள். பெடலை மிதித்தால் வரும் கீச்சுச் சத்தம் ரிலீஸ் பேரிங்குடையது. பெடலை விட்டிருக்கும்போது உறுமி, மிதித்தால் நிற்கும் சத்தம் கியர் பாக்ஸின் முன் தண்டுப் பேரிங்குடையது. முதலாவது சின்ன உதிரிபாகம். ஆனால் இரண்டுக்குமே வண்டியைப் பிரிக்க வேண்டும், கூலியையும் கணக்கில் சேருங்கள்.

டபுள் கிளட்ச் வண்டி என்றால் பாதி மிதித்ததும் ஓட்டம் நிற்க வேண்டும், பி.டி.ஓ. சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முழுதாக மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்க வேண்டும். வாடகைக்கு ரொட்டவேட்டர் ஓட்டப் போகிறவர் இதில் சமரசம் செய்யக் கூடாது.

6. கியர் பாக்ஸ்

எல்லா முன் கியர்களையும், ரிவர்ஸையும், ஹை-லோ இரண்டிலும் போட்டுப் பாருங்கள். உழவு கியர்கள்தான் அதிகம் தேய்ந்திருக்கும், விற்பவர் காட்டுவதோ ரோட்டில் ஓடும் டாப் கியர். சரிவான இடத்தில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரைக் குறைத்து எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். உடனே கூட்டிக் கொடுங்கள். இப்படி மாற்றி மாற்றிச் செய்கையில் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் பல்லின் விளிம்போ ஷிஃப்டர் போர்க்கோ தேய்ந்துவிட்டது.

சத்தத்தையும் பிரித்துக் கேளுங்கள். ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியர் ஜோடி. எல்லா கியரிலும் ஊளையிட்டு, வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கினால் கிரவுன்-பினியன். இழுக்கும்போது ஒரு சத்தம், எஞ்சின் பிடிக்கும்போது வேறு சத்தம் என்றால் சந்தேகம் உறுதி.

7. பின் ஆக்சில், பிரேக், முன் சக்கரம்

சமதளத்தில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும், ஏதாவது ஒரு கியரில் இருக்கட்டும். சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். சிறிய லூஸ் எல்லா வண்டியிலும் இருக்கும். அதிகமாக ஆடி, 'டொக்' என்று அடித்து நின்றால் கிரவுன்-பினியனிலோ டிஃபரன்ஷியலிலோ கடைசிப் பல் சக்கரத்திலோ இடைவெளி கூடிவிட்டது. பிறகு மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். அசைந்தால் ஆக்சில் பேரிங். இரண்டு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள்.

பிரேக் டிரம் பக்கமும் ரிம்மின் உட்புறமும் ஆயில் ஈரம் இருந்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது. சீல் மலிவு. ஆனால் ஆயில் வெளியே வந்த அதே வழியில்தான் சேறு உள்ளே போகும். இரண்டாவது கட்டத்தில் பாட்டிலில் பிடித்த ஆயிலை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

முன் சக்கரத்தையும் தூக்கி ஹப் பேரிங், கிங் பின், நடு பின் மூன்றிலும் ஆட்டம் பாருங்கள். இவை தேய்வது சகஜம், செலவும் கைக்குள் அடங்கும்.

8. சுமையில் ஓட்டுங்கள்

இதைச் செய்யாமல் யாரும் முன்பணம் கொடுக்கக் கூடாது. வெறும் வண்டியில் எந்தக் கிளட்சும் பிடிக்கும், எந்தக் கியரும் நிற்கும். ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி உழுங்கள், இல்லையென்றால் சுமை ஏற்றிய டிரெய்லரை மேட்டில் இழுங்கள். அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓடட்டும். வெப்ப முள் ஏறிக்கொண்டே போகிறதா, சுமை கூடும்போது எஞ்சின் தாழ்ந்து மறுபடி நிமிர்கிறதா, கியர் நழுவுகிறதா, கிளட்ச் கருகும் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். சுமையில் கொஞ்சம் கரும்புகை வரலாம். நீலம் வரக் கூடாது.

வண்டியை நிறுத்தியதும் ஹப்களின் மேல் கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங் அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக். சூடான ஆயில் இளகி இருப்பதால், காலையில் காய்ந்திருந்த இணைப்புகளில் இப்போதுதான் கசிவு தெரியும். பெல் ஹவுசிங்கின் அடியில் ஆயில் சொட்டினால் கிராங்கின் பின் சீலோ கியர் பாக்ஸின் முன் சீலோ போயிருக்கிறது. கடைசியாகக் கலப்பையை உயர்த்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிட்டால் ஹைட்ராலிக்கில் உள்கசிவு உண்டு. மாஸ்ஸி பெர்குசன் வகை வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் பின்பக்க உடலுக்குள்ளேயே, அங்குள்ள ஆயிலில் மூழ்கியிருக்கிறது. அந்த ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் லிஃப்டும் கெடும்.

9. முடிவெடுப்பது

பார்த்ததையெல்லாம் எழுதி மூன்று வகையாகப் பிரியுங்கள். டயர், பேட்டரி, செல்ஃப் மோட்டார், நாசில், கிங் பின், வெளியே தெரியும் சீல் கசிவு ஆகியவை விலையில் கழிக்க வேண்டியவை. ரிங் தேய்மானம், கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் உள்கசிவு ஆகியவற்றுக்கு மெக்கானிக்கிடம் முழு வேலைச் செலவு கேட்டு, அதை விலையில் கழித்தும் கட்டுப்படியானால் மட்டும் வாங்கலாம். காந்தத்தில் சில்லு ஒட்டிய வண்டி, எல்லா கியரிலும் ஊளையிடும் வண்டி, சுமையில் கியர் நழுவும் வண்டி, பின் ஆக்சிலில் நீர் நின்ற வண்டி ஆகியவற்றை விட்டுவிடுங்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த மலிவு எதற்கு ஈடு என்பதை வாங்கும் முன் யாராலும் கணக்கிட முடியாது.

பணம் கைமாறும் முன் எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

வாங்கிய வாரமே எஞ்சின் ஆயில், கியர் ஆயில், ஆயில் வடிகட்டி, டீசல் வடிகட்டி எல்லாவற்றையும் மாற்றி, அன்றைய மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். 50 மணி நேரம் ஓடிய பிறகு பின்பக்க ஆயிலில் மறுபடியும் காந்தத்தைப் போட்டுப் பாருங்கள். முன்பு கண்ட பழைய பொடி வெளியேறிவிட்டதால், இப்போது ஒட்டுவது உங்கள் கையில் நேர்ந்த தேய்மானம். அது குறைவாக இருந்தால் அந்த வண்டியை நம்பி நடவுக்கு இறங்கலாம். கூடுதலாக இருந்தால், பருவம் தொடங்கும் முன்பே பிரித்துப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது.